பதினான்கு துவாய்: திருகோணமலைக் கரையோர விடுதியொன்றில் நடந்தது

உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடைப்பட்ட கரையில் உள்ள நடுத்தர விடுதியொன்றில் 2023 ஏப்ரல் முதல் 2024 ஆகஸ்ட் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி யாருடைய பெயரும் இல்லை. விடுதியை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் விட்டுவிட்டேன். நான் இதில் வெறும் பார்வையாளன் அல்ல. சம்பளச் சீட்டு வாசித்துச் சொன்னவன், முறைப்பாடு எழுதிக் கொடுத்தவன். எடுத்த முடிவுகளில் எனக்குப் பங்குண்டு. பிழைகளிலும் உண்டு.

பின்னணி: ஒரே கரை, ஒரே பருவம்

திருகோணமலையில் சீசன் என்றால் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் குழப்பும் அந்த மாதங்களில் எங்கள் கடல் தட்டுப்போலக் கிடக்கும். உல்லாசப் பயணிகள் வருவதும், புறாத்தீவுக்கு வள்ளம் ஓடுவதும் அப்போதுதான். கரைவலை இழுப்பதும் அப்போதுதான். கரையில் பிறந்த ஒருவன் வலைக்குப் போவதா விடுதிக்குப் போவதா என்று அந்த ஆறேழு மாதத்துக்குள் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். வாடைக்காற்றுத் தொடங்கிக் கடல் பெருத்துவிட்டால் வலையும் இல்லை, விடுதியும் இல்லை.

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவர் 46 வயதுப் பெண். விடுதியின் லினன் அறையில், அதாவது துவாயும் விரிப்பும் வைக்கும் அறையில், வேலை. அவரை இங்கே அக்கா என்றே எழுதுகிறேன், நான் அழைப்பதும் அப்படித்தான். கணவர் அதே விடுதியில் கரை கூட்டுபவர். காலை ஐந்தரைக்கு, விருந்தினர் எழும்ப முன்னர், அலை ஒதுக்கிய சாதாழையையும் பிளாஸ்டிக்கையும் வாரிக் கொட்ட வேண்டும். அவர் கூட்டுகிற அந்த மணல் ஒருகாலத்தில் அவருடைய தகப்பனின் பாடு, அதாவது அவர் வலை இழுத்த கரைத்துண்டு. 2004 சுனாமி குடும்பத்தின் வாடியையும் தோணியையும் கொண்டுபோனது. அதன்பின் வடக்கு, கிழக்குக் கரைகளில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. அந்தத் தடை பிறகு தளர்ந்தது. ஆனால் அது தளர்வதற்குள் இவர்களைப் போன்றவர்கள் உள்ளூருக்குள் குடியேறியிருந்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் கரை நெடுகக் காணி விலை ஏறியது, விடுதிகள் எழும்பின. யாரும் இவரைத் துரத்தவில்லை. திரும்பி வரப் பார்த்தபோது அங்கே மதில் நின்றது.

விடுதியில் 30 அறைகள். 2023 சீசனில் 57 பேர் வேலை செய்தார்கள். 22 பேர் நிரந்தரம்: வரவேற்பு, உணவுக்கூடம், சமையலறையின் மேல்நிலை வேலைகள். இவர்களில் பலர் குருநாகல், காலி, ஹட்டன் பக்கத்தவர்கள், விடுதிக்குள்ளேயே தங்குபவர்கள். 20 பேர் சீசன் ஆட்கள்: உள்ளூர்த் தமிழரும் கிண்ணியா, இறக்கக்கண்டிப் பக்கத்து முஸ்லிம்களும். மிச்சம் 15 பேர் மேன்பவர்: ஒப்பந்தக்காரர் ஒருவர் அனுப்பும் நாட்கூலிகள். பாத்திரம் கழுவுவது, தோட்டம், மூட்டை தூக்குவது அவர்களுடைய வேலை. நிரந்தரத்துக்கு வெள்ளைச் சட்டை, சீசனுக்குப் பச்சை, மேன்பவருக்கு யூனிபோமே இல்லை. தேநீர் குடிக்கும் இடமும் மூன்று.

சீசன் ஆள் ஒருவரின் மாதச் சம்பளம் 28,000 ரூபா. அதில் 16,000 அடிப்படை, மிச்சம் 12,000 ‘கொடுப்பனவு’. 16,000 என்பது தற்செயலாக வந்த எண் அல்ல. அப்போதைய தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 12,500, வரவுசெலவுத் திட்ட நிவாரணப்படி 3,500. இரண்டையும் கூட்டினால் வருவது அது. சட்டத்தின் விளிம்பில் அளவெடுத்து வைத்த சம்பளம். 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு இறங்கியிருந்தாலும் ஏறிய விலைகள் இறங்கவில்லை. அரிசிக்கும் மின்பட்டியலுக்கும் அந்தச் சம்பளம் போதாது. எல்லோரும் எதிர்பார்ப்பது சேர்விஸ் சார்ஜைத்தான். விருந்தினரின் பில்லில் 10 வீதமாகச் சேர்ப்பதை மாத முடிவில் ஊழியருக்குப் பிரிப்பார்கள்; ஒவ்வொருவருக்கும் பங்கை அளக்கும் ‘பொயின்ட்’ உண்டு. நிரந்தரத்துக்கு ஒன்று முதல் இரண்டரை வரை. சீசனுக்கு அரை. மேன்பவருக்கு இல்லை.

கவனித்தவை

அக்காவை முதலில் சந்தித்தது 2023 மே மாதம், அவருடைய மகனின் புலமைப்பரிசில் விண்ணப்பம் ஒன்றுக்காக. விடுதி வேலையைப் பற்றி அவர் முறைப்பாடு எதுவும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பதில்களைக் குறித்து வைத்தேன்.

துவாயை அன்னம் மாதிரி மடிக்க அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு முப்பது, சில நாட்களில் அறுபது அன்னம். மடித்து வண்டியில் வைத்தால் அறைப் பையன்கள் கொண்டுபோவார்கள். ஆறு சீசனாக மடிக்கிறார். ஓர் அன்னம் கட்டிலில் இருப்பதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. லினன் அறை ஆட்கள் அறைப்பக்கம் போகக்கூடாது என்பது விதி. வேலை முடிந்தபின் மணலில் உட்காரக்கூடாது, முன்வாசலால் கடலுக்குப் போகக்கூடாது, விருந்தினர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பவையும் விதிகள். அவருடைய பெயர் நீளம், வெளிநாட்டாருக்கு வாயில் நுழையாது என்று நெஞ்சில் குத்தும் அட்டையில் இரண்டெழுத்துப் பெயர் ஒன்று அடித்திருந்தார்கள். வீட்டுக்கு வரும்போது அதைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பார்.

“அந்தப் பேர்ல கூப்பிட்டா முதல்ல திரும்பிப் பாக்க வராது தம்பி. இப்ப வருது” என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1844இல், 26 வயதில், பாரிசில் இருந்தபோது கார்ல் மார்க்ஸ் எழுதிவைத்த குறிப்புகள் அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை. 1932இல்தான் முழுமையாக வெளிவந்தன. தொழிலாளி நான்கு விதமாக அந்நியமாகிறான் என்று அவற்றில் சொல்கிறார்: செய்த பொருளிலிருந்து, செய்கிற செயலிலிருந்து, மனித இயல்பிலிருந்து, சக மனிதரிலிருந்து. பல்கலைக்கழகத்தில் இதைப் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். ஆனால் பார்க்காத அன்னமும், திரும்பிப் பார்க்கப் பழகிய அந்நியப் பெயரும், மூன்று தேநீர் மேசைகளும் ஒரே வீட்டு முற்றத்தில் வந்து விழுந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. இதில் நான்காவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இன்னும் ஐந்து மாதம் ஆனது.

அக்காவின் கணவர் அதிகம் பேசுபவர் அல்ல. ஒருநாள் நானாகக் கேட்டேன்: வலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வலையில் வருமானம் கூடவா?

“கூட இல்ல. சம்மாட்டிட்ட முற்பணம் வாங்கினா அவன்ட ஆள்தான் நாங்க. செலவு கழிப்பான், அவன்ட பங்கைக் கழிப்பான், பிறகுதான் எங்களுக்கு. ஆனா மடியைக் கரையில கொட்டினா எத்தின கூடை எண்டு எல்லாருக்கும் தெரியும். அவன் கூட எடுத்தாலும் எவ்வளவு கூட எடுத்தான் எண்டு தெரியும்.”

சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர், மடி என்றால் மீன் சேரும் வலைப்பை. கரைவலையை நான் பொற்காலமாகக் காட்ட வரவில்லை. முற்பணக் கடனில் தலைமுறையாகக் கட்டுண்ட குடும்பங்கள் இந்தக் கரையில் இருக்கின்றன. அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தவர்களின் கையில் தழும்பும் இருந்தது. ஆனால் அவர் சொன்னது வேறு. அங்கே சுரண்டல் எண்ணக்கூடியதாக இருந்தது. இங்கே அது அலுவலக அறைக்குள் கணினியில் நடக்கிறது. அன்று இந்தப் பேச்சை ஒரு நல்ல உவமையாக மட்டும் எழுதிவைத்தேன். கோரிக்கையாக வாசிக்கத் தெரியவில்லை.

2023 செப்டெம்பர்: துவாய்க் கணக்கு

செப்டெம்பர் 10ஆம் திகதி, ஓகஸ்ட் சம்பளம் கொடுத்தபோது லினன் அறைப் பெண்கள் ஐவரின் சீட்டிலும் 7,000 ரூபா கழிக்கப்பட்டிருந்தது. கடற்கரைத் துவாய் 14 குறைகிறது, ஒன்று 2,500 வீதம் 35,000, ஐந்தால் பிரித்தால் 7,000. ‘எமது கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு’ என்று ஆங்கிலத்தில் அடித்த தாளில் ஐவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஐவரில் ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர் எவரும் இல்லை. கடற்கரைத் துவாய் லினன் அறையை விட்டுப் போனால் விருந்தினர் தோளில் கடலுக்கும் வள்ளத்துக்கும் புறாத்தீவுக்கும் போகும். திரும்பி வந்ததை எண்ணிக்கொள்வது வேறு ஆட்களின் வேலை. அவர்களிடம் கழிக்கவில்லை.

அன்று மாலை அக்கா வந்தார். தாள் கையில் இல்லை, விடுதி வைத்துக்கொண்டது.

“காசு போனதுக்கு நான் அழயில்ல தம்பி. களவெடுத்தவள் மாதிரிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கன். அதுதான்.”

இன்னும் மூவர் வந்தார்கள். பாத்திரம் கழுவும் கிண்ணியாக்காரர் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல், எல்லோருக்கும் நானா. அறை துப்புரவாக்கும் இளைஞன் ஒருவன், உயர்தரம் வணிகத்தில் சித்தி பெற்றவன். ஹட்டனிலிருந்து வந்த நிரந்தரச் சமையல்காரர் ஒருவர். அந்தச் சமையல்காரர் ஏன் வந்தார் என்பது முக்கியம். அவருடைய தாய் கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் குறித்த நிறை பறித்தால் அன்றைக்கு முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர், கூலியும் பாதி. “அரைப் பொயின்டுன்னு சொன்னதுமே எனக்கு அரைப்பேருதான் ஞாபகம் வந்துச்சு” என்றார்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதலில் சம்பளச் சீட்டுகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். உடனே முறைப்பாடு கொடுக்காததற்குக் காரணம், கையில் ஆதாரம் இருக்கவில்லை என்பதுதான். சீசன் ஆட்கள் 20 பேரில் 13 பேர் சீட்டுகளைக் கொண்டுவந்தார்கள். சிலர் 2018இலிருந்து மடித்துப் பைபிளுக்குள்ளும் குர்ஆன் உறைக்குள்ளும் வைத்திருந்தார்கள்.

அவற்றிலிருந்து இரண்டு விடயங்கள் தெரிந்தன. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி சம்பளத்தில் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் கட்ட வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அதைச் சொல்கிறது. நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி என்ற பேதம் அதில் இல்லை, முதல் நாளிலிருந்தே உரித்து. வாழ்க்கைச் செலவுப்படி, உணவுப்படி போன்றவையும் கணக்கில் சேரும். விடுதியோ 16,000க்கு மட்டும் கட்டியது. 28,000க்குக் கட்டியிருந்தால் ஒருவரின் நிதிக் கணக்குக்கு மாதம் 2,400 ரூபா கூட வந்திருக்கும். ஏழு மாதச் சீசனுக்கு 16,800. அத்தோடு 2022இல் நால்வரின் சீட்டில் 8 வீதம் கழித்தும் இரண்டு மாதங்கள் நிதிக்குப் போய்ச் சேரவில்லை. மேன்பவர் ஆட்களுக்கோ கணக்கே இல்லை.

இரண்டாவது, ஒவ்வோர் ஒக்டோபரிலும் சீசன் ஆட்களிடம் வாங்கப்பட்ட தாள். அது விலகல் கடிதம். ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்’ என்று ஆங்கிலத்தில். சீசன் முடிந்ததற்கான கையொப்பம் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு சேவை முடித்தவருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. வேலை இல்லாமல் நிறுத்தி வைத்த காலம் சேவையைத் துண்டிக்காது என்று வாதிட இடமுண்டு. தானே விலகியதாக எழுதிக் கொடுத்தால் அந்த வாதம் செத்துப்போகும். 2016இலிருந்து வேலை செய்த அக்கா, கொரோனாவால் தவறிய 2020ஐயும் 2021ஐயும் கழித்தால், ஐந்து முறை தன் சேவையைத் தானே வெட்டியிருந்தார்.

அடுத்து, தொழிற்சங்கம் இப்போது வேண்டாம் என்று முடிவு செய்தோம். பதிவு செய்ய ஏழு பேர் போதும். ஆனால் சீசன் முடிய ஆறு வாரமே இருந்தது. அடுத்த ஏப்ரலில் யாரைக் கூப்பிடுவது என்பது விடுதியின் கையில். “சங்கம் எண்டா எங்களை யாரும் நிப்பாட்டத் தேவையில்ல தம்பி, கூப்பிடாம விட்டாச் சரி” என்றார் நானா. அவர் சொன்னது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

மூன்றாவது முடிவு என்னுடையது, அதுதான் பிழை. ஒவ்வொரு பிரிவினரையும் தனித்தனியே சந்திக்கலாம் என்றேன். சீசன் ஆட்கள் பயமின்றிப் பேசுவார்கள், மொழிச் சிக்கல் இல்லை, பெண்கள் இருட்ட முன் வீடு போகலாம். எல்லாம் நியாயமான காரணங்கள். செப்டெம்பர் 24 ஞாயிற்றுக்கிழமை டியூட்டரிக் கொட்டிலொன்றில் சீசன் ஆட்கள் 16 பேர் கூடினார்கள். மேன்பவர் ஆட்களை அடுத்த வாரம் பார்ப்பதாக இருந்தது. நிரந்தரத்தில் சமையல்காரர் மட்டும்.

அந்தக் கூட்டத்தில் இளைஞன் ஒரு கொப்பியை விரித்தான். ஓகஸ்ட் முழுக்க ஒவ்வொரு நாளும் எத்தனை அறையில் ஆள் இருந்தது என்று குறித்திருந்தான்: 690 அறை இரவுகள். ஓர் இரவு 20,000 ரூபா என்றாலே வருமானம் 138 இலட்சம், சேர்விஸ் சார்ஜ் 13 இலட்சத்து 80 ஆயிரம். நிரந்தரமும் சீசனும் சேர்த்துக் கைக்கு வந்தது ஏறத்தாழ 8 இலட்சத்து 40 ஆயிரம். மிச்சம் 5 இலட்சத்து 40 ஆயிரம் எங்கே? கொட்டிலில் சத்தம் எழும்பியது. துவாய் மறந்துபோனது, சேமலாப நிதி மறந்துபோனது. அந்த எண் என்னையும் இழுத்துக்கொண்டு போனது.

ஒக்டோபர்: பிளவு

மறுநாளே உணவுக்கூடத்தில் கதை வேறு விதமாகப் போய்ச் சேர்ந்தது. “சீசன்காரங்கள் எங்கட பொயின்டைப் பிரிச்சுக் கேக்கிறாங்கள்.” நாங்கள் அப்படி எதையும் கேட்கவில்லை. ஆனால் எங்கள் கூட்டத்துக்கு நிரந்தர ஊழியரைக் கூப்பிடாதவர்கள் நாங்களே. காலியிலிருந்து வந்து எட்டு மாதம் வீட்டைப் பாராமல் நிற்கும் வெயிட்டர் ஒருவருக்கு அந்த ஒன்றரைப் பொயின்ட்தான் தங்கையின் கல்யாணம். அவர் ஏன் பயப்பட மாட்டார்? தேநீர் நேரத்தில் லினன் அறைக்கு வந்துபோகும் வரவேற்புப் பெண் வருவதை நிறுத்தினாள். அக்காவுக்கு அது துவாயை விட வலித்தது.

நிர்வாகம் திட்டமிட்டு இவர்களைப் பிரித்தது என்று அப்போது பேசினோம். இன்று நான் அப்படி நினைக்கவில்லை. அரைப் பொயின்டும் பச்சைச் சட்டையும் தனித் தேநீர் மேசையும் வருடக்கணக்காக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. யாரும் புதிதாக எதையும் செய்யத் தேவைப்படவில்லை. செல்வம் மேலே போவதைக் கேட்க வேண்டியவர்கள் பக்கத்தில் இருப்பவரின் அரைப் பொயின்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நானும் அதே வரிசைப்படிதான் கூட்டம் கூட்டினேன்.

ஒக்டோபர் 9ஆம் திகதி மனேஜருடன் பேச்சு. அக்கா, நானா, இளைஞன், நான். 5 இலட்சத்து 40 ஆயிரத்தை முதலில் வைத்தோம். கணக்காளர் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினார். 690இல் பாதிக்கு மேல் ஏஜென்ட் மூலம் வந்தவை, ஒப்பந்த விலை ஏறத்தாழ 14,000, அதற்குள் வரியும் சேர்விஸ் சார்ஜும் அடக்கம். சேர்ந்த தொகை 9 இலட்சத்து 70 ஆயிரம். கொடுத்தது 8 இலட்சத்து 40 ஆயிரம். வித்தியாசம் 1 இலட்சத்து 30 ஆயிரம், ‘உடைவு, இழப்பு’ என்ற தலைப்பில் கழிக்கப்பட்டது. எங்கள் எண் நாலு மடங்கு பிழை. அதற்குப் பிறகு நாங்கள் சொன்ன சரியான எண்களுக்கும் மதிப்பில்லாமல் போனது. இளைஞன் தலை நிமிரவில்லை. பிழை அவனுடையது அல்ல. விலைப்பட்டியலைச் சரிபார்க்காமல் அந்த எண்ணை மேசையில் வைக்க விட்டவன் நான்.

ஆனால் அந்தப் பதிவேட்டிலேயே வேறொன்று இருந்தது. உடைவு, இழப்பு என்று எல்லோருடைய பங்கிலிருந்தும் 1 இலட்சத்து 30 ஆயிரம் ஏற்கெனவே கழித்தாயிற்று. அப்படியானால் துவாய்க்கு ஏன் மறுபடியும் 35,000? கேட்டது அக்கா. எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. கணக்காளர் மனேஜரைப் பார்த்தார். மனேஜர் பிறகு பேசுவோம் என்றார்.

முறைப்பாடும் விளைவும்

சமையல்காரர் அந்தக் கேள்வியை உணவுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். இழப்பு எல்லோருடைய பொயின்டிலிருந்தும் கழிகிறது என்பது நிரந்தர ஊழியருக்கும் புதிய செய்தி. “இது சீசன் ஆளுங்க பிரச்சினை இல்ல, நம்ம காசு” என்று அவர் சிங்களத்தில் சொன்னதை நான் நேரில் கேட்கவில்லை, பிறகு சொன்னார்கள். ஒக்டோபர் கடைசி வாரத்தில் தொழில் அலுவலகத்துக்குப் போன முறைப்பாட்டில் 19 கையெழுத்துகள் இருந்தன. அவற்றில் ஆறு நிரந்தர ஊழியருடையவை. அதே வாரம் விலகல் கடிதத்தை நீட்டியபோது 11 சீசன் ஆட்கள் கையெழுத்திட மறுத்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வாசித்துக் காட்டினால் போடுகிறோம் என்றார்களாம்.

விசாரணை டிசெம்பரிலும் ஜனவரியிலும் நடந்தது. அதிகாரிகள் சீட்டுகளையும் நிதியின் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். 2024 பெப்ரவரிக்குள் கட்டாத மாதங்களின் பணம் மேலதிகக் கட்டணத்தோடு நால்வரின் கணக்கிலும் போடப்பட்டது. கொடுப்பனவுக்கான வித்தியாசம் 2023 சீசனுக்கு மட்டும், 13 பேருக்குக் கிடைத்தது. முந்திய ஆண்டுகள் இன்னும் இழுபடுகின்றன. 7,000 ரூபா ஐந்து பெண்களுக்கும் திரும்பி வந்தது. கையெழுத்திட்ட தாளைக் கிழித்துக் காட்ட வேண்டும் என்றார் அக்கா. கிழித்தார்கள்.

நிதியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. இந்தப் பெண்கள் தங்கள் 8 வீதத்துக்காக அலுவலகப் படியேறிய அதே 2023இல்தான் நாட்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நடந்தது. ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளில் (அரசின் கடன் பத்திரங்களில்) பெரும்பகுதி, 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் வட்டி தரும் முறிகளாக மாற்றப்பட்டது. வங்கிகள் வைத்திருந்த முறிகள் அப்படி மாற்றப்படவில்லை. லினன் அறைப் பெண்ணின் ஓய்வுகாலப் பணம் நாட்டுக் கடனின் சுமையைத் தாங்கலாம், வங்கிகளுடையது தாங்க வேண்டாம் என்று யாரோ எங்கேயோ தீர்மானித்தார்கள். விடுதி கட்டாமல் விட்ட 2,400ஐ என்னால் சீட்டில் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. இதை அக்காவுக்கு எப்படிக் காட்டுவது?

2024 ஏப்ரலில் இரண்டு மாற்றங்கள் வந்தன. சேர்விஸ் சார்ஜ் கணக்கு, சேர்ந்தது, கழித்தது, பொயின்ட் ஒன்றின் பெறுமதி என்று மாதந்தோறும் பின்வாசல் பலகையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்படுகிறது. முறைப்பாட்டில் இதை ஏழாவதாக, கடைசியாகத்தான் எழுதியிருந்தோம். வந்த முதல் மாதத்திலேயே ‘உடைவு, இழப்பு’ கழிவு பாதிக்கும் கீழே இறங்கியது. யாரும் சண்டை பிடிக்கவில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. விலகல் கடிதத்துக்குப் பதிலாக ஏழு மாத ஒப்பந்தம் ஒன்று தமிழில் வந்தது. வாசிக்கக்கூடிய தாள்தான். ஆனால் அது சேவையை இன்னும் சுத்தமாகத் துண்டிக்கிறது. இதை வெற்றி என்று நான் எழுத மாட்டேன்.

மேன்பவர் ஆட்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. விடுதி ஒப்பந்தக்காரரை மாற்றியது. பழைய 15 பேரில் ஒன்பது பேரைப் புதியவர் எடுத்தார். ஆறு பேரை எடுக்கவில்லை, அவர்களில் நானாவும் ஒருவர். முறைப்பாட்டில் கையெழுத்திட்ட ஒரே மேன்பவர் ஆள் அவர். இப்போது கிண்ணியாவில் மகனோடு வளையல் கடையில் இருக்கிறார். “நீங்க என்ன செய்யிற தம்பி, அவங்களுக்கு நான் வேலையாளே இல்லையே” என்றார். என்னை ஆறுதல்படுத்தச் சொன்னார். ஆறுதலாக இல்லை. இளைஞன் கட்டாருக்குப் போனான்.

இன்னொரு முறை என்றால்

முதல் கூட்டத்தை மூன்று பிரிவினரையும் சேர்த்தே கூட்டுவேன். பயம் இருக்கும், மொழி இடறும், நேரம் பிடிக்கும். ஆனால் பிரித்துக் கூட்டினால் நாங்கள் எதிர்ப்பதையே நாங்களும் செய்கிறோம். சமையல்காரர் போல ஒருவர் இல்லாதிருந்தால் இந்த முறைப்பாட்டில் 13 கையெழுத்துக்கு மேல் வந்திராது.

எண்ணைத் தேடிப் போகமாட்டேன், எண்ணைக் காட்டு என்று கேட்பேன். எவ்வளவு தரவேண்டும் என்று வெளியிலிருந்து ஊகித்தால் பிழைக்கும், பிழைத்தால் தோற்போம். கணக்கை எல்லோர் முன்னும் கொட்டு என்பதற்கு எந்த ஊகமும் தேவையில்லை. அக்காவின் கணவர் மே மாதமே இதைச் சொன்னார். மடியைக் கரையில் கொட்டுவது பற்றி அவர் பேசியபோது நான் உவமை தேடிக்கொண்டிருந்தேன். ஏழாவதாக எழுதிய கோரிக்கையை முதலாவதாக எழுதியிருந்தால் நிரந்தர ஊழியர் பயந்திருக்க மாட்டார்கள், அவர்களுக்கும் அதே கணக்குத்தான் தெரியாமல் இருந்தது.

மேன்பவர் ஆட்களின் விடயத்தை விடுதிக்கு எதிரான முறைப்பாட்டில் ஒரு வரியாகச் சேர்த்ததும் தவறு. அவர்களுக்குத் தனியாக, ஒப்பந்தக்காரரையும் விடுதியையும் சேர்த்து முறையிட்டிருக்க வேண்டும், அதுவும் ஒருவர் தனித்து நிற்காதபடி. தனித்து ஒரு கையெழுத்தை வாங்கியது நான். எந்த ஆதாரத்துக்காகவும் இனி அப்படி வாங்க மாட்டேன்.

பெயர் அட்டையை நாங்கள் கோரிக்கையில் எழுதவே இல்லை. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று விட்டேன். பெப்ரவரிப் பேச்சின் முடிவில், எல்லாம் முடிந்து எழும்பும்போது, அக்கா அதைக் கழற்றி மேசையில் வைத்து “இது என்ர பேர் இல்ல சேர்” என்றார். ஜூனில் புதிய அட்டை வந்தது, முழுப் பெயரோடு. மற்ற நான்கு பெண்களும் கேட்டு வாங்கினார்கள்.

கணவர் 2024 சீசனுக்குக் கரை கூட்டப் போகவில்லை. விடுதிக்கு வடக்கே வேறொருவரின் பாட்டில் வலைக்குச் சேர்ந்தார், முற்பணம் வாங்காமல். ஓகஸ்டில் ஒரு விடியலில் நான் போனபோது மடியைக் கொட்டியிருந்தார்கள். சூடையும் கொஞ்சம் காரலும், நாலு கூடை தேறாது. பங்கு பிரித்தபோது அவருக்கு வந்தது விடுதியின் நாட்கூலியில் பாதிகூட இல்லை. அக்காவுக்கு அன்று லீவு. மணலில் உட்கார்ந்து கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.